கிரீன்ஸ்பர்க், கன்சாஸ்: ஊர் திரும்பி வந்ததா?

#1 கோதுமைக்காடு

வணக்கம். பத்து வருடமாக விச்சிட்டாவில் இருக்கிறேன், விமானத் தொழிற்சாலையில் வேலை. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கிரீன்ஸ்பர்க் பற்றிப் பேச்சு வந்தது. கூட வேலை செய்பவர் ஒருவர், "அது போன ஊர். புதுக் கட்டிடம் கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே ஆள் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஊருக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காக: விச்சிட்டாவிலிருந்து 54ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 110 மைல். கயோவா கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தலைநகரம். தலைநகரம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கோர்ட், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, தானியம் கொட்டி வைக்கும் உயரமான எலிவேட்டர், சுற்றிலும் கோதுமை, அவ்வளவுதான்.

2007 மே 4, வெள்ளிக்கிழமை, இரவு பத்து மணி ஆகப்போகிற நேரம். 1.7 மைல் அகலத்தில் ஒரு டொர்னேடோ, அதாவது சுழல்காற்று, ஊருக்குள் நுழைந்தது. ஊரின் அகலத்தைவிட அது பெரிது. காற்று மணிக்கு 205 மைல் வேகம் என்று கணித்தார்கள். டொர்னேடோவின் பலத்தைச் சொல்லும் புதிய அளவுகோல் அந்த வருடம் பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதில் உச்சப்படியான ஈ.எஃப்-5 வாங்கிய முதல் டொர்னேடோ இதுதான். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தரைமட்டம். பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அழிவின் அளவைப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம், டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகம் நேரத்தோடு எச்சரித்தது, சைரன் இருபது நிமிடத்துக்கு முன்பே ஊதியது, ஜனங்கள் அதை நம்பி பேஸ்மென்டுக்குள் இறங்கியது. வெளியே வந்து பார்த்தபோது பலருக்குத் தங்கள் தெரு எது என்றே தெரியவில்லை. தெருப்பலகை இல்லை, மரம் இல்லை, அடையாளம் சொல்ல ஒரு சுவர் இல்லை.

அதன்பிறகு அந்த ஊர் எடுத்த முடிவு பலருக்குத் தெரியும். கட்டினால் பசுமையாகக் கட்டுவோம் என்றார்கள். 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டிடம் எதுவானாலும் லீட் பிளாட்டினம் (பசுமைக் கட்டிடங்களுக்குத் தரும் சான்றிதழில் மிக உயர்ந்தது) தரத்தில்தான் இருக்க வேண்டும் என்று 2007 டிசம்பரில் தீர்மானம் போட்டார்கள். அமெரிக்காவில் அப்படித் தீர்மானம் போட்ட முதல் ஊர் அது. தெருவிளக்கு முழுக்க எல்.ஈ.டி. ஊருக்குத் தெற்கே பத்துக் காற்றாலைகள், மொத்தம் 12.5 மெகாவாட்.

சரி, ஊர் திரும்பி வந்ததா? நான் வந்தது என்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 எண்கணக்கு

நல்ல இழை. ஆனால் எண்களை முதலில் மேஜையில் வைத்துவிடுவோம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: 2000இல் 1,574. 2010இல் 777. 2020இல் 740.

பாதிப் பேர் போனார்கள், திரும்பவில்லை. பதிமூன்று வருடம் கழித்தும் எண் ஏறவில்லை. நகரத் திட்டமிடல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை "மீண்டது" என்று எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது.

யார் போனார்கள் என்பதையும் பாருங்கள். அங்கே நிறைய வீடுகள் பழைய மரவீடுகள். அடமானம் எப்போதோ அடைத்து முடித்த வயதானவர்கள் இருந்தார்கள். குறைந்த வாடகைக்கு இருந்தவர்களும் இருந்தார்கள். இன்சூரன்ஸ் தருவது பழைய வீட்டின் மதிப்பை. புதிதாகக் கட்ட ஆகும் செலவு அதைப்போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ. எழுபத்தைந்து வயதில் புதுக்கடன் யார் வாங்குவார்கள்? காசை வாங்கிக்கொண்டு முப்பது மைல் கிழக்கே பிராட்டுக்கோ, பிள்ளைகள் இருக்கும் ஊருக்கோ போய்விட்டார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு அந்தக் காசும் கிடையாது. மலிவு வீடு என்று ஒன்று அந்த இரவோடு ஊரில் இல்லாமல் போனது. பிளாட்டினம் கட்டிடத்தைப் படம் எடுத்துப் போடும் யாரும் இதைப் பேசுவதில்லை. அதுதான் என் வருத்தம்.

#3 கிணற்றடி

தம்பிகளா, நான் தாராபுரம் பக்கம். அப்பா காலத்தில் கிணறு வெட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன். இந்த ஊரில் உலகத்திலேயே பெரிய கைக்கிணறு இருக்கிறது என்று எங்கோ படித்த ஞாபகம். அது உண்மையா? டொர்னேடோவில் அது என்ன ஆயிற்று? யாராவது பார்த்திருந்தால் விரிவாக எழுதுங்கள்.

#4 கோதுமைக்காடு

கிணற்றடி ஐயா, உண்மைதான். கையால் வெட்டிய கிணறுகளில் உலகிலேயே பெரியது என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள். நான் இறங்கிப் பார்த்திருக்கிறேன். 109 அடி ஆழம், 32 அடி குறுக்களவு. 1887இல் தொடங்கி 1888இல் முடித்தார்கள். ரயில் வரப்போகிறது, நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும், ஊருக்கும் வேண்டும் என்று வெட்டியது. பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட குழு. விவசாயிகள், மாடு மேய்ப்பவர்கள், அன்றன்றைக்குக் கூலிக்கு வந்தவர்கள். நாள்கூலி அரை டாலரிலிருந்து ஒரு டாலர் வரை. மண்வெட்டி, கடப்பாரை, கப்பி, கயிறு, இவ்வளவுதான் கருவி. உள்சுவருக்கான கல் தெற்கே பன்னிரண்டு மைல் தள்ளி மெடிசின் ஆற்றிலிருந்து வண்டியில் வந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. வெட்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போன வண்டிகளின் அடித்தளம் சட்டம் சட்டமாகப் பிரிந்திருக்கும். ஊருக்குள் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே வண்டியை நிறுத்தி, சட்டங்களை விலக்கினால் மண் கீழே கொட்டும். கிணறு ஆழமாக ஆக, ஊர்த்தெரு சமமாகிக்கொண்டே வந்தது. அந்த ஊரின் தெருக்கள் அந்தக் கிணற்றின் மண்மேல்தான் இருக்கின்றன.

1932 வரை ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்தது அதுதான். 1939இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். டொர்னேடோ மேலே இருந்த கட்டிடத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது, கிணறு அப்படியே நின்றது. ஆயிரம் பவுண்டு விண்கல் ஒன்றும் அங்கே காட்சிக்கு இருந்தது. இரும்புக்குள் பச்சை மஞ்சள் கண்ணாடி மாதிரி ஆலிவின் படிகங்கள் பதிந்த வகை. அந்தக் கவுண்டி நிலத்திலேயே கிடைத்தது. இடிபாட்டுக்கு அடியிலிருந்து அதையும் தோண்டி எடுத்தார்கள். 2012இல் புதிய அருங்காட்சியகம் திறந்தார்கள். இப்போது சுழல்படி வழியாகக் கீழே இறங்கலாம். பாதி இறங்கும்போதே காற்று குளிர்ந்துவிடும். கல்லுக்குக் கல் இடைவெளியில் ஈரம் தெரியும். அடியில் தண்ணீர் கொஞ்சம்தான். மேலே பார்த்தால் வட்டமாக வெளிச்சம்.

எண்கணக்கு நண்பரே, வாடகைக்கு இருந்தவர்கள் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். நானே கண்ணால் பார்த்தது: ஊரின் தெற்குப் பகுதியில் புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் காலி மனைகள். ஒரு மனையில் மூன்று சிமென்ட் படி மட்டும் நிற்கிறது. படி ஏறினால் வீடு இல்லை, புல்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நீங்கள் சொல்லும் 777 என்ற எண் எனக்கும் உறைத்தது. ஆனால் ஒப்பிட வேண்டியது 1,574ஓடுதானா என்பதுதான் என் கேள்வி.

#5 செவ்வந்தி

இதை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மேற்குக் கன்சாஸில் ஒரு சிறு ஊரில் டாக்டர். கிரீன்ஸ்பர்க் இல்லை, ஆனால் அளவில் அது மாதிரிதான். எங்களைப் போன்றவர்கள் இந்த ஊர்களுக்கு எப்படி வருகிறோம் என்பது பலருக்குத் தெரியாது. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி, முடித்தால் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தால் அதிலிருந்து விலக்கு. கான்ராட் 30 என்பார்கள், மாநிலத்துக்கு வருடம் முப்பது பேர். வட டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்தது. சென்னையிலும் மதுரையிலும் படித்த எத்தனையோ பேர் இப்படி, வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்களில் இருக்கிறார்கள்.

மூன்று வருடம் என்று எண்ணிக்கொண்டுதான் வந்தேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

சிறு ஊருக்கு ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று சொல்கிறேன். 1997இல் வந்த சட்டப்படி "கிரிட்டிக்கல் அக்சஸ்" என்று ஒரு வகை உண்டு. அதிகபட்சம் 25 படுக்கை. பொதுவாக அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து 35 மைல் தள்ளி இருக்க வேண்டும். முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஆகிற செலவைக் கணக்குப் பார்த்து, மேலே ஒரு சதவீதம் சேர்த்துத் தரும். அது இல்லையென்றால் கிராமத்து ஆஸ்பத்திரி பாதி எப்போதோ மூடியிருக்கும். இருந்தும் மூடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரசவம் பார்ப்பதைப் பல இடங்களில் நிறுத்திவிட்டார்கள். வலி எடுத்த பெண் பனியில் அறுபது மைல் காரில் போகிறாள்.

டொர்னேடோவில் கிரீன்ஸ்பர்க் ஆஸ்பத்திரியும் போனது. கூடாரத்திலும் தற்காலிகக் கட்டிடத்திலும் வைத்தியம் பார்த்து, 2010இல் புதிய கட்டிடத்துக்குப் போனார்கள். சிறு ஊர் ஆஸ்பத்திரிகளில் பிளாட்டினம் தரம் வாங்கிய முதல் கட்டிடம் அது. எனக்குப் பிளாட்டினம் முக்கியமில்லை. அது கட்டப்பட்டது என்பதுதான் முக்கியம். ஆஸ்பத்திரி கட்டாமல் விட்டிருந்தால் முதியவர்கள் ஒருவர்கூடத் திரும்பியிருக்க மாட்டார்கள். நர்ஸ், லேப், சமையல், துப்புரவு என்று அந்த வேலைகளில் இருந்த குடும்பங்களும் போயிருக்கும். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள். ஒன்றை உருவினால் எல்லாம் சரியும்.

எண்கணக்கு சார், 740 பேர் என்பது உங்களுக்குச் சின்ன எண். என் ஓ.பி.யில் உட்கார்ந்து பாருங்கள். 740 பேர் என்றால் ஒவ்வொருவருடைய ரத்த அழுத்தமும், பேரன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதும் தெரியும்.

#6 எண்கணக்கு

டாக்டர், நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். நான் ஊரைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஒரு விஷயத்தைத் திருத்திக்கொள்கிறேன். டொர்னேடோ வராவிட்டாலும் அந்த ஊர் குறைந்துகொண்டுதான் இருந்தது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்துக் குடியேற்றிய பூமி. இன்று அந்தப் பக்கம் 160 ஏக்கரை வைத்து யாரும் பிழைக்க முடியாது. டிராக்டர் பெரிதாகப் பெரிதாக, ஒரு குடும்பம் பத்துக் குடும்பத்தின் நிலத்தை உழுகிறது. ஆள் வேலை குறைந்தால் ஊரில் ஆள் குறையும். அதனால் கோதுமைக்காடு கேட்டது நியாயம்தான், 1,574ஓடு ஒப்பிடுவது முழுச் சரியில்லை.

ஆனால் என் உறுத்தல் வேறு. கிரீன்ஸ்பர்க்குக்கு கேமரா வந்தது. 2008 மே 4, சரியாக ஒரு வருடம் கழித்து, பள்ளிப் பட்டமளிப்புக்கு ஜனாதிபதி புஷ்ஷே வந்தார். மத்திய அரசு நிதி, நிறுவனங்களின் நன்கொடை, தேசிய ஆய்வுக்கூட நிபுணர்கள், எல்லாம் வந்தது. ஒரே இரவில் அழிந்ததால் வந்தது. ஐம்பது வருடமாக மெல்ல மெல்ல அழிகிற ஊருக்கு யார் வருகிறார்கள்? கன்சாஸில் மனையை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஊர் உண்டு, மார்க்கெட் (Marquette) என்று பெயர், 2003இல் ஆரம்பித்தார்கள். 2011இல் மாநிலமே படிப்புக் கடனில் 15,000 டாலர் வரை அடைக்கிறோம், வருமானவரி தள்ளுபடி தருகிறோம், கிராமப்புறக் கவுண்டிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டது. கிரீன்ஸ்பர்க்கை மாதிரி ஊர் என்று காட்டுவதில்தான் எனக்குத் தயக்கம். மற்ற ஊர்கள் பின்பற்ற முடியாததை எப்படி மாதிரி என்பது?

#7 பழையவன்

நான் ஓய்வு பெற்றவன், மகனோடு டல்லாஸில் இருக்கிறேன். கன்சாஸில் நிகோடிமஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1877இல் கென்டக்கியிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வந்து உண்டாக்கிய ஊர். முதல் குளிர்காலத்தை மண்ணைக் குடைந்து அதற்குள் இருந்து கழித்தார்கள். 1888இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் போனது, கடைகள் எல்லாம் பாதைப் பக்கம் பெயர்ந்துவிட்டன. இன்று அங்கே குடியிருப்பவர்கள் மிகச் சிலர். ஆனால் வருடா வருடம் ஜூலைக் கடைசியில் விடுதலை விழாவுக்கு நூற்றுக்கணக்கில் வாரிசுகள் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து இறங்குகிறார்கள். 1996இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். நான் ஒருமுறை விழாவுக்குப் போனேன். தாத்தாவின் கல்லறைக்கு முன்னால் ஒரு சிறுவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அந்த ஊரைப் போன ஊர் என்று என்னால் சொல்ல முடியாது.

#8 கோதுமைக்காடு

பழையவன் ஐயா, நன்றி. நிகோடிமஸ் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

எண்கணக்கு, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நிதியைப் பின்பற்ற முடியாது, உண்மை. ஆனால் பின்பற்றக்கூடியது ஒன்று இருக்கிறது, அவர்கள் முடிவெடுத்த விதம். ஊர் மொத்தமும் ஒரு பெரிய கூடாரத்தில் கூடிப் பேசியது. பலமுறை, நூற்றுக்கணக்கில். மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா கொடுத்த டிரெய்லர்களில் குடியிருந்துகொண்டு, மாலையில் வந்து உட்கார்ந்து விவாதித்தார்கள். பசுமை என்ற சொல்லே அங்கே பலருக்கு ஆகாத சொல். பழமையான ஊர், ரிபப்ளிக்கன் ஓட்டு, நகரத்துக்காரன் வந்து பாடம் சொன்னால் பிடிக்காது. தபால் அலுவலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து பிறகு மேயரான பாப் டிக்ஸன் அதை அவர்களுடைய பாஷையில் சொன்னார். நம் பாட்டன் மண்வீட்டில் இருந்தான், காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்தான், எதையும் வீணாக்கவில்லை, இதெல்லாம் நமக்குப் புதிதில்லை என்பது அவர் வாதம். அது எடுபட்டது.

இன்னொன்று. ஊரில் நின்ற ஒருசில கட்டிடங்களில் கான்கிரீட் எலிவேட்டரும் ஒன்று. அதைப் பார்த்து, கான்கிரீட்டில் வட்டமாக ஒரு மாதிரி வீடே கட்டினார்கள், சைலோ வீடு என்று பெயர். கன்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கலைக்கூடத்தை லாரன்ஸ் நகரில் பகுதி பகுதியாகக் கட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இணைத்தார்கள். அதற்குப் பெயர் 5.4.7 கலை மையம், டொர்னேடோ வந்த தேதி. மாநிலத்தின் முதல் பிளாட்டினம் கட்டிடம் அதுதான். மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் சுத்தியலோடு வந்து, கூலி வாங்காமல், இல்லாதவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதில் எதற்கும் கேமரா தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடம்தான் எனக்குப் பெரிய விஷயம். மே மாதம் அழிந்தது, ஆகஸ்டில் டிரெய்லர்களில் வகுப்பு தொடங்கிவிட்டது. ஒரு படிப்பாண்டுகூட விடவில்லை. 2010இல் புதிய கட்டிடம். வெளிச்சுவர்ப் பலகை கேத்ரினா புயலில் விழுந்த சைப்ரஸ் மரத்திலிருந்து எடுத்தது. பக்கத்து முல்லின்வில் பள்ளியும் இதோடு சேர்ந்தது, பெயரும் கயோவா கவுண்டி பள்ளி என்று மாறியது. அந்தப் பெயரை விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால்தான் அங்கே ஊர்த்திருவிழா. பதினொரு பேர் தேறாததால் எட்டுப் பேர் வைத்து ஆடும் பள்ளிகள் கன்சாஸில் ஏராளம். நேற்றுவரை எதிரணியாக இருந்த ஊரோடு ஒரே சட்டை போட ஒத்துக்கொள்கிறான் பையன், அப்பன் ஆடிய அணியின் பெயரை விட்டுவிட்டு.

#9 செவ்வந்தி

பள்ளி இணைப்பு பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு. எங்கள் ஊரில் அந்தப் பேச்சு வந்தபோது, பத்து வருடம் பேசாத இரண்டு குடும்பம் ஒரே கூட்டத்தில் எழுந்து நின்று அழுதது.

எண்கணக்கு சார், பின்பற்றக்கூடியது பற்றி இன்னொரு உதாரணம். தென்கிழக்குக் கன்சாஸில் செயின்ட் பால் என்ற சின்ன ஊரில் மளிகைக் கடையே இல்லாமல் போனது. ஊர்க்காரர்களே கூடிக் கடை திறந்தார்கள், இப்போது அது நகராட்சியின் கடை. காற்றாலையும் கிடையாது, பிளாட்டினமும் கிடையாது. பாலும் ரொட்டியும் ஊருக்குள் கிடைக்கிறது.

இந்த ஊர்களில் வெளியே தெரியாத ஒரு கட்டுமானம் இருக்கிறது. ரோட்டில் எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், தெரிந்தவரோ தெரியாதவரோ. புதன்கிழமை மாலை சர்ச் நாள், பள்ளியில் அன்றைக்கு எந்த நிகழ்ச்சியும் வைக்க மாட்டார்கள். சாவு வீடு என்றால் சர்ச் பேஸ்மென்டில் பெண்கள் சமைத்து எல்லோருக்கும் போடுவார்கள். என் மாமனார் ஊரில் தவறியபோது நாங்கள் விமானம் ஏறக் கிளம்பும் அவசரத்தில் வீட்டை அப்படியே போட்டுவிட்டுப் போனோம். மூன்று வாரம் கழித்து வந்தால், வாசலில் பனி அள்ளப்பட்டிருந்தது, தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தது, ஃபிரிட்ஜில் எட்டுப் பாத்திரம் சாப்பாடு. நான் சைவம் என்று யாருக்கு யார் சொன்னார்களோ, எட்டில் ஒன்றில்கூட இறைச்சி இல்லை. மாட்டுப் பண்ணை ஊர் இது.

#10 எண்கணக்கு

டாக்டர், படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

வாடகை வீடு பற்றிய என் கருத்து மாறவில்லை. அதைப் போதிய அளவு கட்டாதது தவறு, அடுத்த ஊராவது அதை முதலில் யோசிக்க வேண்டும். ஆனால் "மீண்டதா" என்று தலைத்தொகையை வைத்து மட்டும் கேட்டது என் அவசரம். 2010இலிருந்து 2020க்குள் 777 என்பது 740 ஆனது, பத்து வருடத்தில் 37 பேர். அழிவே வராத சுற்றுவட்டார ஊர்களின் கணக்கோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்துவிட்டு வருகிறேன்.

#11 கிணற்றடி

தம்பி கோதுமைக்காடு, அந்த மண்வண்டி விஷயத்தை இங்கே நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். கல் கட்டடம் சாந்து இல்லாமல் நிற்கிறதா, பூசியிருக்கிறார்களா? அடுத்த முறை போனால் பார்த்துச் சொல்லவும். மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள், வந்தால் கூட்டிப்போவீர்களா?

#12 கோதுமைக்காடு

கட்டாயம் ஐயா. வாருங்கள், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். கல்லிடுக்கைக் கிட்டே போய்ப் பார்த்துப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

மே மாதம் வந்தால் ஒன்று காட்டுவேன். டொர்னேடோ அந்த ஊரில் மரத்தை முறித்ததோடு விடவில்லை, நின்ற மரத்தின் பட்டையையும் உரித்துவிட்டுப் போனது. பெரும்பாலானவை பட்டுப்போயின. தப்பித்த சில இன்னும் நிற்கின்றன. அடிமரம் ஆள் கட்டிப்பிடிக்கும் தடிமன், மேலே கிளைகள் இருந்த இடமெல்லாம் மொட்டை, அந்த மொட்டையைச் சுற்றிக் குட்டையாகப் புதுக்கிளைகள். நிழல் பெரிதாக இருக்காது. கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அப்படி ஒன்றின் கீழே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நான் போனபோது இரண்டு பெரியவர்கள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து மழை எப்போது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.